தாமானில் கரண்டு பில் ஆலோசனை மேசை: தேவையா, வீண் வேலையா?

பிறைக்காரன்:
எங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) குடியிருப்பாளர் சங்கத்தில் ஒரு யோசனை ஓடுகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு பொது மண்டபத்தில் மேசை போடுவது. யார் வேண்டுமானாலும் மூன்று மாதக் கரண்டு பில்லோடு வரலாம். எது அதிகம் இழுக்கிறது, எதைக் குறைக்கலாம் என்று நாலைந்து பேர் உட்கார்ந்து பார்த்துச் சொல்வோம். கேட்டால் வீட்டுக்கும் வருவோம். காசு வாங்க மாட்டோம், எதையும் விற்க மாட்டோம்.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் என் அம்மா. போன மாதம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் அவரிடம் ‘மின்சாரச் சேமிப்புப் பெட்டி’ ஒன்றை 120 ரிங்கிட்டுக்கு விற்றுவிட்டார். ப்ளக்கில் சொருகினால் பில் பாதியாகுமாம். பச்சை விளக்கு நன்றாக எரிகிறது. பில் அப்படியேதான் இருக்கிறது.

வயரிங் மணியம்:
தம்பி, நல்ல மனசு. ஆனால் வேண்டாம். 26 வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். யூடியூப் பார்த்தவர் சொன்னார் என்று வீட்டுக்காரரே சுவிட்சைக் கழற்றி, கடைசியில் என்னைக் கூப்பிட்ட கதைகள் நிறைய. நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, உங்கள் மேசையா? விற்காதவர் என்பதால் மட்டும் அவர் சொல்வது சரியாகிவிடாது. எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிட்டு, கூலி கொடுத்துக் கேளுங்கள்.

பிறைக்காரன்:
அண்ணே, கோபிக்காதீர்கள். என் பக்கத்து வீட்டில் ஏர்கோன் குளிரவில்லை என்று கூலி கொடுத்துத்தான் ஒருவரைக் கூப்பிட்டார்கள். வந்தவர், இந்த அறைக்கு 1 குதிரைசக்தி பத்தாது, 2 போடுங்கள் என்றார். போட்டார்கள். பழையதைக் கழற்றும்போது பார்த்தால் ஃபில்டர் முழுக்கத் தூசி, காற்றே போக வழியில்லை. கழுவிக் கொடுத்தால் அவருக்கு என்ன மிஞ்சும், புதிதாக மாட்டினால் என்ன மிஞ்சும்? யாராக இருந்தாலும் கை அந்தப் பக்கம்தான் போகும்.

எதையும் விற்காத ஒருவரிடம் போய்க் கேட்பது பினாங்கில் புதிதா என்ன? பயனீட்டாளர் சங்கம் தமிழிலும் இதழ் போட்டு எத்தனை வருடமாக அதைத்தானே செய்கிறது.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு கெபாசிட்டர்தான் இருக்கும். தொழிற்சாலைகளில் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்டில் உண்மையாக வேலைக்குப் பயன்படும் பங்கு, குறைந்தால் மின்சார நிறுவனமான தெனாகா கூடுதல் கட்டணம் போடும். அதைச் சரிசெய்ய அங்கே கெபாசிட்டருக்கு வேலை உண்டு. வீட்டுக்குக் கிலோவாட்-மணி (யூனிட்) கணக்கில்தான் பில், பவர் ஃபேக்டருக்குக் கட்டணம் இல்லை. அதனால் பெட்டி வெறும் அலங்காரம்.

ஆனால் மணியம் அண்ணன் சொல்வதிலும் பாதி உண்மை. மேசை போடுகிறவர்கள் முதலில் கணக்குப் படிக்க வேண்டும். ‘துணியை இரவு 10 மணிக்கு மேல் துவையுங்கள்’ என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். 2025 ஜூலை 1-இல் வந்த புதுக் கட்டணத்தில் நேரத்துக்கு ஏற்ற விலை இருப்பது நிஜம். நாமே கேட்டுச் சேர்ந்தால், வேலை நாட்களில் பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். வித்தியாசம் எவ்வளவு? யூனிட்டுக்கு 4 சென் சொச்சம். ஒரு தடவை துவைக்க அரை யூனிட் என்று வைத்தால் 2 சென் மிச்சம். இதற்காக வீட்டில் ஒருவர் தூக்கம் கெட வேண்டுமா?

அதே வீட்டில் குளியலறையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 3.6 கிலோவாட் ஹீட்டர், ஐந்து பேர், ஆளுக்கு 10 நிமிடம், முழுச் சூட்டில்: நாளைக்கு 3 யூனிட், மாதம் 90. இந்த வெயில் ஊரில்! பில்லில் ‘சில்லறைக் கட்டணம்’ என்று மாதாமாதம் போடும் நிலையான 10 ரிங்கிட், 600 யூனிட் வரை கிடையாது, தாண்டினால் உண்டு. 640-இல் நிற்கும் வீட்டுக்கு ஏர்கோன் பக்கமே போக வேண்டாம், ஹீட்டரின் சூட்டுத் திருகைப் பாதியளவு இறக்கினால் போதும்.

ஏழாம் மாடி:
நீங்கள் எல்லாரும் தரைவீட்டுக்காரர்கள், பேசுவீர்கள். நான் ரெலாவ் பக்கம் வாடகை பிளாட்டில் இருக்கிறேன். மேற்குப் பார்த்த வீடு. ராத்திரி 11 மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். எங்கே கேட்டாலும் கூரைக்கு இன்சுலேஷன் போடு, 5 நட்சத்திர ஏர்கோன் வாங்கு என்கிறார்கள். கூரை என்னுடையதா? ஏர்கோனே வீட்டுக்காரருடையது. ஒருமுறை சோலார் விற்கிறவர் போன் போட்டு, உங்கள் வீடு எத்தனை மாடி என்றார். பதினேழு என்றேன். வைத்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, சன்னலுக்கு உள்ளே திரை போட்டிருக்கிறீர்களா? வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் சூடு வீட்டுக்குள் வந்தாயிற்று, திரையால் பெரிதாகத் தடுக்க முடியாது. மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஏழாம் மாடி:
வெளியே எதுவும் தொங்கவிடக் கூடாது என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

பிறைக்காரன்:
பால்கனி இருக்கிறதா? கதவுக் கண்ணாடிக்கு வெளியே, கம்பிக்கு உள்ளே ஒரு மூங்கில் தட்டி கட்டினால் கட்டடத்துக்கு வெளியே நீட்டாது. நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அண்ணே, இதைச் சொல்லச் சான்றிதழ் எதற்கு?

வயரிங் மணியம்:
தட்டி கட்டச் சொல்லுங்கள், வேண்டாம் என்றா சொன்னேன்? ஹீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். திருகை இறக்கச் சொல்லிவிட்டு உங்கள் ஆள் போய்விடுவார். அந்த ஹீட்டருக்கு, 10 மில்லிஆம்ப் கசிந்தாலே கரண்டை வெட்டும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்ப்பாரா? பழைய வீடுகளில் 100 மில்லிஆம்ப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஈரக் கையோடு குளிக்கிறார்கள். நீங்கள் பில்லைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள், எனக்கு அதுதான் பயம்.

பிறைக்காரன்:
இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அப்படியென்றால் நீங்களே ஒரு ஞாயிறு வந்து உட்காருங்களேன் அண்ணே?

வயரிங் மணியம்:
உட்கார்ந்தால் உடனே, ஆள் பிடிக்க வந்திருக்கிறான் என்பீர்கள்.

ஏழாம் மாடி:
வந்த இடத்தில் பெயர் அட்டை கொடுக்கக் கூடாது. டிபி பெட்டியை (மெயின் சுவிட்ச் பெட்டி) மேசைக்காரர்கள் திறக்கக் கூடாது. இரண்டு பக்கமும் சரியா?

வயரிங் மணியம்:
ஒரு தடவை வருகிறேன். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் தேடாதீர்கள். தம்பி, முதலில் அம்மாவின் அந்தப் பெட்டியைக் கழற்றிக் கொண்டு வா, திறந்து பார்க்கலாம். மலிவுச் சாமான், சூடேறி எரிந்தாலும் எரியும்.

பிறைக்காரன்:
கேட்டுப் பார்த்தேன். தர மாட்டாராம். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் அந்தப் பச்சை வெளிச்சம் வசதியாக இருக்கிறதாம்.