செப்டம்பர் கடைசியில் ஃபோர்ட் கொச்சி போகலாமா? மழை, படகு, அம்மாவின் முழங்கால்

பீளமேடு வாசகி:

வணக்கம். நாங்கள் கோயம்புத்தூர். செப்டம்பர் கடைசி வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் நிதானமாகப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். அம்மா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. வாஸ்கோ ட காமா பாடத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியவர், அவரைப் புதைத்த தேவாலயத்தை இன்னும் பார்த்ததில்லை. டிசம்பரில் அறை வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, அந்தக் கூட்டத்தில் அம்மாவால் நடக்கவும் முடியாது. முழங்கால் வலி இருக்கிறது. மெதுவாக நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம்.

வியாழன் காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். மழையில் மாட்டிக்கொள்வோமா? படகில் அம்மாவை ஏற்ற முடியுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

காக்கநாட்டுக்காரன்:

நான் எர்ணாகுளத்தில்தான் வேலை பார்க்கிறேன். என்னைக் கேட்டால் டிசம்பர் வரை பொறுங்கள். பினாலே கலைக் கண்காட்சி நடக்கிற வருடமென்றால் பழைய கிடங்குகளையெல்லாம் திறந்து ஓவியம், சிற்பம் வைத்திருப்பார்கள். வருடக் கடைசியில் கார்னிவல், டிசம்பர் 31 இரவு பாப்பாஞ்சி என்கிற கிழவர் பொம்மையை எரிப்பது எல்லாம் உண்டு. செப்டம்பரில் கடற்கரையில் குப்பையும் ஆகாயத்தாமரையும்தான் ஒதுங்கிக் கிடக்கும். பணம் செலவழித்து வருகிறீர்கள், ஊர் நன்றாக இருக்கும்போது வாருங்கள்.

மிளகுக்கடை:

காக்கநாட்டுக்காரன் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. விருதுநகரில் எங்களுக்கு மளிகை மொத்த வியாபாரம். அப்பா காலத்திலிருந்து மிளகும் சுக்கும் மட்டாஞ்சேரியில்தான் எடுக்கிறோம். அந்த ஊரை எல்லா மாதத்திலும் பார்த்திருக்கிறேன். ஓணக் கூட்டம் கலைந்த பிறகு, சீசன் தொடங்குவதற்கு முன் இருக்கிற கொச்சிதான் எனக்குப் பிடித்தது. உங்கள் அம்மா மாதிரி ஒருவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

முதலில் மழை. ஜூன், ஜூலை மழை வேறு. செப்டம்பர் கடைசியில் தென்மேற்குப் பருவமழை ஓய்கிற நேரம். அரை மணி நேரம் கொட்டும், அப்புறம் வெயில் அடிக்கும். அக்டோபர் பிறந்துவிட்டால் பெரும்பாலும் காலை பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் கிழக்கே கறுத்து இடியோடு இறங்கும். அதை அங்கே துலாவர்ஷம் என்பார்கள். எப்படியானாலும் வெளியில் நடக்கிற வேலையைப் பன்னிரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். குடை போதும். ரெயின்கோட் வேண்டாம், புழுக்கத்தில் உள்ளே வேர்த்துக் கொட்டும்.

மழையைவிட முக்கியம் கிழமை. வியாழன் முதல் ஞாயிறு என்கிறீர்களே, அந்த ஊருக்கு அதைவிடத் தோதில்லாத நாட்கள் இல்லை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூத தேவாலயம் வெள்ளி மதியத்தோடு சாத்திவிடுவார்கள், சனிக்கிழமை திறப்பதே இல்லை. மற்ற நாட்களிலும் ஒரு மணிக்கு மூடி மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். ஞாயிறன்று பஜார் ரோட்டில் மொத்த வியாபாரக் கடைகள் அடைத்திருக்கும், வாஸ்கோ ட காமாவைப் புதைத்த பிரான்சிஸ் தேவாலயத்தில் காலையில் வழிபாடு நடக்கும். ஞாயிறு மாலை போய் இறங்கி, திங்கள், செவ்வாய், புதன் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அறை வாடகையும் இன்னும் இறங்கும்.

இன்னொரு விஷயம், இது இந்த மாதங்களுக்கே உரியது. யூதர்களின் புத்தாண்டும் அதையொட்டி வருகிற பண்டிகைகளும் செப்டம்பர், அக்டோபரில்தான் விழும். தேதி வருடத்துக்கு வருடம் மாறும். அந்த நாட்களிலும் தேவாலயம் மூடியிருக்கும். அங்கே வாழ்ந்த குடும்பங்கள் ஏறக்குறைய எல்லாமே இஸ்ரேலுக்குப் போய்விட்டன, ஆனாலும் பண்டிகை நாளில் கதவு சாத்துகிற வழக்கம் மாறவில்லை. டிக்கெட் போடுவதற்கு முன் அந்த வருடத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1568-ல் கட்டிய கட்டிடம். தரை முழுக்கச் சீனாவிலிருந்து வந்த வெள்ளை, நீல ஓடுகள், கையால் வரைந்தவை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஆஃப் சீசனில் போனால் குனிந்து ஒவ்வொரு ஓடாகப் பார்க்கலாம், டிசம்பரில் பின்னால் நிற்பவர் தள்ளிக்கொண்டே இருப்பார்.

அம்மாவை பிரான்சிஸ் தேவாலயத்துக்குக் காலை திறந்த உடனே அழைத்துப் போங்கள். வாஸ்கோ ட காமா இறந்தது 1524 டிசம்பர் 24, இதே ஊரில். புதைத்தது அந்தத் தேவாலயத்தில். 1539-ல் எலும்புகளை போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று இருப்பது கல்லறைக் கல்லும் அதைச் சுற்றி ஒரு கம்பித் தடுப்பும்தான். அம்மாவுக்கு இது தெரிந்திருக்கும். நான் பார்க்கச் சொல்வது, தலைக்கு மேலே நீளமாகத் தொங்குகிற துணி விசிறிகளை. கயிறு கட்டி வெளியே நின்று ஆள் இழுத்தால் உள்ளே காற்று வரும். அப்புறம் சுவரில் பதித்திருக்கிற டச்சுக் கல்லறைக் கற்கள். போர்ச்சுகீசியர் கட்டிய கத்தோலிக்கக் கோவில், 1663-ல் டச்சுக்காரர் கைக்கு வந்து புராட்டஸ்டண்டாக மாறி, பிறகு ஆங்கிலேயரிடம் போய், இன்று சி.எஸ்.ஐ. சபையிடம் இருக்கிறது. இந்த ஒரு கூடத்தில் உட்கார்ந்து அம்மாவை ஒரு பாடம் நடத்தச் சொல்லுங்கள், நீங்கள் கேளுங்கள். கூட்டமில்லாத மாதத்தில்தான் அது முடியும்.

படகுக்கு வருகிறேன். எர்ணாகுளம் படகுத் துறையிலிருந்து போகிற அரசுப் படகு மலிவு, இருபது நிமிடம்தான். ஆனால் ஆடுகிற படகில் கால் எடுத்து வைத்து ஏற வேண்டும், முழங்கால் வலிக்காரருக்கு வேண்டாம். ஹைகோர்ட் பக்கத்தில் வாட்டர் மெட்ரோ நிலையம் இருக்கிறது. 2024-லிருந்து ஃபோர்ட் கொச்சிக்கும் ஓடுகிறது. மிதக்கிற மேடையும் படகின் தளமும் ஒரே மட்டம், சக்கர நாற்காலியே உருண்டு போகும். ஏசி உண்டு. கட்டணம் சற்றுக் கூட, கொடுக்கலாம். மட்டாஞ்சேரி அரண்மனையில் மட்டும் படி ஏறியே ஆக வேண்டும், கூடங்கள் மாடியில். ஏறுங்கள், மெதுவாகவாவது ஏறுங்கள். ராஜாவின் படுக்கையறைச் சுவர் முழுக்க ராமாயணம். 1555-ல் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, பிற்பாடு டச்சுக்காரர் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்று பெயர் நின்றுவிட்டது.

ஆகாயத்தாமரை விஷயம் உண்மைதான். மழைத் தண்ணீர் காயலிலிருந்து தள்ளிக்கொண்டு வரும். ஆனால் அதனால்தான் சீன வலையை, கரையில் பெரிய மரச்சட்டத்தில் கட்டித் தண்ணீரில் இறக்கி ஏற்றுகிற வலையை, செப்டம்பரில் பாருங்கள் என்கிறேன். சீசனில் சுற்றுலாக்காரருக்காகவே வலையை இறக்கி ஏற்றுவதைத்தான் அதிகம் பார்க்கலாம். இந்த மாதத்தில் வலை மேலே வரும்போது பச்சையாக ஒரு மூட்டை வரும். ஒருவர் மரத்தின்மேல் நடந்துபோய் வலைக்குள் கை விட்டு வேரோடு இழுத்து இழுத்துத் தண்ணீரில் எறிவார், அடியில் துள்ளுகிற நாலு மீனை வேறொருவர் கோரி எடுப்பார். மற்றவர்கள் கல் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கற்கள்தான் வலையின் எடைக்கு ஈடு, ஏறும்போது ஒவ்வொன்றாகத் தரையில் வந்து உட்காரும். அந்த மனிதர்கள் படும் பாட்டைப் பார்க்காமல் சாயங்கால வெளிச்சத்தில் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வருவதில் எனக்குத் திருப்தி இல்லை.

மீன் சாப்பிடுவீர்கள் என்றால் கூடுதல் லாபம். விசைப்படகுகளின் இழுவலைக்கு ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை கடைசி வரை 52 நாள் தடை. தடை முடிந்து கடலுக்குப் போனபின் கிளிமீன், கணவாய் எல்லாம் நிறைய வரும். செப்டம்பரில் சாதாரண சாப்பாட்டுக் கடையிலேயே நல்ல மீன் கிடைக்கும்.

வெளி மைதானம்:

நான் ஃபோர்ட் கொச்சியிலேயே பிறந்த தமிழன். மிளகுக்கடை அண்ணன் எங்கள் தோபி கானாவை, அதாவது துணி வெளுக்கிற இடத்தை, விட்டுவிட்டார், நான் சொல்கிறேன். டச்சுக்காரர்கள் பட்டாளத்துத் துணி வெளுக்க எங்கள் முன்னோர்களைத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்தார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது இருக்கிற கட்டிடம் 1976-ல் வந்தது. வீட்டில் இன்றும் தமிழ்தான்.

மழை விட்ட காலையில் வாருங்கள். வெயில் முகம் கண்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் துணி காயப்போடுவார்கள், மைதானமே வெள்ளையாகிவிடும். கிளிப் போடமாட்டோம். இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்கு நடுவில் துணியின் ஓரத்தைச் செருகிவிடுவோம், காற்றடித்தாலும் விழாது. உள்ளே கொட்டாங்கச்சிக் கரி போட்ட பெட்டியில் இஸ்திரி நடக்கும். மழை விடாத நாளில் இஸ்திரி மட்டும் பார்க்கலாம். போட்டோ எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். உங்கள் அம்மா தமிழில் பேசினால் வயதான பெண்கள் உட்கார வைத்து ஊர்க்கதை கேட்பார்கள். படி இல்லை, தரைமட்டம்தான்.

காக்கநாட்டுக்காரன்:

சரி, கிழமை விஷயத்தில் மிளகுக்கடை சொல்வதுதான் சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நவராத்திரி விடுமுறையும் அக்டோபர் 2-ம் அடுத்தடுத்து வந்தால் அந்த வாரம் கூட்டம் டிசம்பருக்குச் சமமாக இருக்கும். அதைத் தவிர்த்துவிட்டு வாருங்கள்.

பீளமேடு வாசகி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பதில்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தோபி கானாவைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறார், அதைத்தான் முதலில் எழுதி வைத்திருக்கிறார். பயணத்தை ஞாயிறு மாலை முதல் புதன் வரை என்று மாற்றிவிட்டேன். யூதப் பண்டிகைத் தேதிகளையும் பார்த்தாயிற்று, இந்த முறை இடிக்கவில்லை. மிளகுக்கடை அண்ணா, கடைசியாக ஒன்று. வீட்டுக்குக் கொஞ்சம் மிளகு, சுக்கு, ஏலக்காய் வாங்கலாமா? எங்கே வாங்கினால் நன்றாக இருக்கும்?

மிளகுக்கடை:

வாங்குங்கம்மா. யூதத் தெருவில் அலங்காரமாக அடுக்கியிருக்கிற கடைகளில் விலை கூட. பஜார் ரோட்டுப் பக்கம் போனால் கிலோ கணக்கில் கொடுக்கிற கடைகள் உண்டு. கேட்டால் அரைக் கிலோவும் தருவார்கள். நாங்கள் மொத்தமாக எடுக்கும்போது ஒரு லிட்டர் அளவில் மிளகை நிரப்பி எடை போட்டுப் பார்ப்போம். எடை நின்றால் நல்ல மிளகு, இல்லாவிட்டால் உள்ளே பொக்கு. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். நாலு மிளகைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதந்தால் வாங்காதீர்கள். ஈரக் காலமாதலால் ஒன்றைக் கடித்தும் பாருங்கள். டக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம் ஏறியிருக்கிறது. சுக்குக்கு இந்த மாதங்களில் பூச்சி விழும். கையில் உடைத்து உள்ளே ஓட்டை இல்லை என்று பார்த்து வாங்குங்கள், ஊருக்கு வந்ததும் ஒரு நாள் வெயிலில் போடுங்கள்.

ஏலக்காயை மட்டும் கொச்சியில் வாங்க வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் புதுக் காய் பறிப்பு சூடு பிடிக்கும். அந்தக் காய் போடிநாயக்கனூர் ஏலச் சந்தைக்கு வந்து உங்கள் கோயம்புத்தூர்க் கடைகளுக்கே வந்துவிடும். திரும்பி வந்து அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.