வாய்க்கால் கரையில் கண்ட சாந்தம்

கிளிநொச்சி, உருத்திரபுரத்திலிருந்து ஒரு சகோதரர்:

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் செய்பவர்களுக்கு, வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருப்பதன் வேதனையை விளக்க வேண்டியதில்லை. குளத்தில் நீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்தே தண்ணீர் விடுவார்கள். அந்த முறையை மேல் வயற்காரர் ஒருவர் இரவில் மாற்றிவிட்டால், கீழே குடலைப் பருவத்தில், கதிர் வெளிவரும் முன், நிற்கும் நெல் வாடிவிடும். மீள்குடியேறிய பின்பு நாங்கள் செய்த இரண்டாவது சிறுபோகத்தில் மூன்று தடவை எங்கள் தண்ணீர் அப்படி மறிக்கப்பட்டது. நான் மண்வெட்டியோடு புறப்பட்டேன். நியாயம் கேட்கத்தான் போகிறேன் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

சபை மூப்பராக இருந்த என் பெரியப்பா என்னைத் தடுக்கவில்லை, கூடவே வந்தார். மடையடியில் நின்ற அந்த மனிதர் எங்களைக் கண்டதும் மண்வெட்டிப் பிடியை இறுக்கினார். பெரியப்பாவோ வரம்பில் குந்தி, அவருடைய பயிரில் ஒரு தாளை விரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்கட பயிருக்கும் தண்ணி காணாது போல கிடக்கு. இண்டைக்கு நீங்கள் பாய்ச்சுங்கோ, எங்கட முறையை நாளைக்கு விடியப் பார்ப்பம்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவே இல்லை.

அன்றிரவு ஜெபத்தில் அவர் ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தை வாசித்தார். கேராரில் ஈசாக்கு வெட்டிய கிணறுகளுக்காக அவ்வூர் மேய்ப்பர் வாக்குவாதம் செய்ய, அவன் ஏசேக்கு, சித்னா என்ற முதல் இரண்டு கிணறுகளையும் விட்டு விலகி, சண்டையில்லாத மூன்றாவது கிணற்றுக்கு ரெகொபோத் என்று பெயரிட்டான். அதுவரை ஈசாக்கைத் தோற்றவனாகவே எண்ணியிருந்தேன். அவனைப் போகச் சொன்ன ராஜாவாகிய அபிமெலேக்கே பின்னர் தன் சேனாபதியோடு தேடிவந்து சமாதான உடன்படிக்கை கேட்டான் என்பது அன்றுதான் என் மனதில் தைத்தது.

விடியப் போனபோது மடை எங்கள் பக்கம் திறந்திருந்தது. அந்த மனிதர் முழங்காலளவு தண்ணீரில் நின்று, வாய்க்காலை அடைத்திருந்த புல்லைப் பிடுங்கிக் கரையில் எறிந்துகொண்டிருந்தார். ஆனாலும் அந்தப் போகத்தில் எங்கள் நெல்லில் பாதி பதராய்ப் போனது. அதை மறைக்க மாட்டேன். அடுத்த ஆண்டு, கடைக்கோடி வயல்களுக்கே முதல் தண்ணீர் விடவேண்டும் என்று கமக்காரர் கூட்டத்தில் எழுந்து பேசியவர் அவர்தான். அவர் சைவர், இன்றும் சைவரே. பெரியப்பாவின் சவப்பெட்டியைச் சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) வரை தோளில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

மடுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி:

சகோதரர் சொன்ன மடையடி எனக்கு யோசேவ் வாஸ் அடிகளாரை நினைவூட்டுகிறது. 1687இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த கத்தோலிக்கக் குருவான அவர், போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் கண்டியில் சிறை வைக்கப்பட்டார். 1697இல் அங்கே பெரியம்மை பரவி, நோயாளரை அவர்களுடைய சொந்தங்களே கைவிட்டபோது, அவர்களைக் கழுவி உணவூட்டியவர் அவரே. பௌத்த அரசனான இரண்டாம் விமலதர்மசூரியனின் மதிப்பை அவருக்குப் பெற்றுத் தந்தது அந்தப் பணிவிடைதான்.

2015 ஜனவரி 14 அன்று காலை கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், பிற்பகலில் மடுவிலுள்ள மருதமடு அன்னையின் திருத்தலத்துக்கு வந்தார். காணாமற்போன என் தம்பியின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி கூட்டத்தில் நின்றேன். மன்னிப்பு என்ற சொல்லையே கேட்க விரும்பாத நாட்கள் அவை. பக்கத்தில் நின்ற ஒரு சிங்களத் தாய் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் பையைத் திறந்து, இராணுவ உடையில் இருந்த ஓர் இளைஞனின் படத்தை எடுத்து, என் தம்பியின் படத்தின் அருகில் பிடித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. வெயில் என்மேல் படாதவாறு தன் குடையைச் சரித்து, வழிபாடு முடியும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.