மறு: ‘இலவச வீக்கக் குறியீடு’ – வேறு சொல் பார்ப்போமா?

குழுவினருக்கு வணக்கம். மண் தண்ணீரில் எவ்வளவு பருக்கும் என்று காட்டும் ‘ஃப்ரீ ஸ்வெல் இன்டெக்ஸ்’ என்ற சோதனை எண்ணை நம் கலைச்சொல் பட்டியலில் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ஃப்ரீ ஸ்வெல் இன்டெக்ஸ் = இலவச வீக்கக் குறியீடு. மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

மறுப்பு இருக்கிறது ஐயா. மதுரையைச் சுற்றி மனை விற்பவர்கள் ஏற்கனவே பத்திரச் செலவு இலவசம் என்று பலகை வைக்கிறார்கள். வீக்கத்தையும் நாம் இலவசமாகக் கொடுக்க வேண்டாம்.

கேலி இருக்கட்டும், இதில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. திருமங்கலத்துக்குத் தெற்கே, கள்ளிக்குடிப் பக்கம் மனை வாங்கினேன். பார்க்கப் போன அன்று தரை செக்கச்செவேல் என்று இருந்தது. நல்ல செம்மண் என்று நம்பினேன். மேலே கொட்டிப் பரப்பியிருந்தது ஓரடி கிராவல், அதற்குக் கீழே அசல் கரிசல் என்பது வாணம் (அடித்தளப் பள்ளம்) தோண்டியபோதுதான் தெரிந்தது. மண் பரிசோதனையும் செய்தேன். ஆங்கிலத்தில் நாலு பக்க அறிக்கை வந்தது. தாங்குதிறன் வரியை மட்டும் விசாரித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். நாம் பெயர் தேடும் இந்த எண் அதில் 110 என்று இருந்திருக்கிறது. சுற்றுச்சுவர்தானே என்று ஒன்றரை அடி வாணத்தில் எழுப்பினோம். முதல் ஐப்பசி மழையில் கேட்டைச் சாத்த முடியவில்லை. அடுத்த சித்திரையில் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

கொத்தனார் வந்து பார்த்தார். “மண்ணு பொருமியிருக்கு சார். கரிசல்ல இப்படித்தான், மழைக்குப் பொருமும், வெயிலுக்கு வெடிக்கும்” என்றார். இந்த எண் எதை அளக்கிறதோ அதை அவர் ஒரே வினைச்சொல்லில் சொல்லிவிட்டார்.

சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக அமையும். காய வைத்த மண்ணை 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுசாடிகளில் போடுகிறார்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். கலக்கிக் காற்றை வெளியேற்றி, குறைந்தது 24 மணி நேரம் விட்டுவிடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் அப்படியே படியும். நீரிலோ, களியின் மெல்லிய தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து மண் பருத்துவிடும். மான்ட்மோரில்லோனைட் என்ற களிக் கனிமம் மிகுந்த மண்ணில் இது அதிகம். என் மண் மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 21 மில்லி. கூடுதல் 11-ஐ 10-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 110. இந்தியத் தர நிர்ணயப்படி 50-க்குள் இருந்தால் குறைவு, 100-க்கு மேல் போனால் அதிகம்.

ஆக ‘ஃப்ரீ’ என்பதற்கு இங்கே காசில்லாதது என்று பொருளில்லை. மேலே பாரம் எதுவும் அழுத்தாமல், மண் தன் போக்கில் பருக்கும் அளவு. என் முன்மொழிவு: சுமையிலாப் பொருமல் எண். சுருக்கமாகப் பொருமல் எண்.

> ‘உப்பல் எண்’ இன்னும் எளிது.

எளிதுதான். ஆனால் மண் விஷயத்தில் ‘உப்பு’ என்று தொடங்கினாலே நம் ஊரில் உவர்நிலம்தான் நினைவுக்கு வரும். தோட்டம் போடுகிறவர் உப்புத்தன்மைக்கும் மண்ணைச் சோதிப்பார். இரண்டு எண்ணும் ஒரே தாளில் வந்தால் குழப்பம் நிச்சயம்.

> அகராதியில் பொருமுதல் என்றால் விம்மி அழுவது, பொறாமைப்படுவது.

அதுவும் உண்டு அக்கா. வயிற்றுப் பொருமலும் உண்டே? ஓதம் ஏறிய சுவரில் பூச்சு பொருமிக்கொண்டு நிற்பதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். உள்ளே எதுவோ புகுந்து வெளியே தள்ளுவதுதான் இரண்டிலும் நடப்பது. விம்முகிறவருக்கும் அப்படித்தானோ என்னவோ.

‘வீக்கம்’ தவறில்லை, பணவீக்கத்தை நாம் ஏற்றுக்கொண்டவர்கள்தாம். ஆனால் வாணம் தோண்டுகிறவர் வாயில் அது வராது. ‘விரிவு’ எனக்கு அறவே ஒப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் வெப்பத்தால் விரிவடைதல் என்று படித்துவிட்டோம். கரிசலோ வெயிலில் சுருங்குகிறது.

உசிலம்பட்டி நண்பர் ‘கரிசல் எண்’ என்றார். அங்கேதான் ஆபத்து. பொருமும் மண் எல்லாம் கறுப்பாக இருக்காது. சாம்பல் நிறக் களியும் பழுப்புக் களியும்கூடப் பொருமலாம். மேலூர்ப் பக்கம் செம்மண் பூமிதானே என்று இருக்கிறவர், தம் மனை கண்மாய் ஓரத்துக் களியில் கிடந்தால் என்ன செய்வார்? நிறத்தைப் பெயராக வைத்தால் அவர் சோதிக்கவே மாட்டார்.

பொருமலை ஏற்றால் ஒரு குடும்பமே கிடைக்கிறது: பொருமும் மண், பொருமா மண், பொருமல் அழுத்தம். கடைசியது, பருக்கும் மண் அடித்தளத்தை மேலே தள்ளும் விசை. அதைச் சமாளிக்க அடியில் குமிழ் வைத்து ஆழமாக இறக்கும் அண்டர்ரீம்டு பைல் என்ற கான்கிரீட் தூணுக்கும் தமிழ் வேண்டும். அது தனி இழையில்.

தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பொருமும் மண் கெட்ட மண் அல்ல. ஈரத்தைப் பிடித்து வைப்பதால்தான் கரிசலில் பருத்தி நிற்கிறது. சுவரை ஒட்டிச் செடி வைத்துத் தினமும் தண்ணீர் விடாதீர்கள், அவ்வளவுதான். சுவருக்கு அருகே பெரிய மரமும் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்து மண்ணை மட்டும் சுருங்க வைக்கும்.

‘சுமையிலா’ கொஞ்சம் புலவர்த்தனமாக ஒலிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ‘வெறும் பொருமல் எண்’ என்றும் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் சுவரைப் பிரிக்க வருகிறார். இரண்டையும் அவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை பட்டியலில் ஏற்ற வேண்டாம்.

அன்புடன்,
திருமங்கலத்திலிருந்து