டயஜீசிஸ்: கதைவெளியா, கதையுலகா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

தமிழ்த் திரைப்பாடல்களின் ஒலியமைப்பைப் பற்றித் தமிழிலேயே முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் இயலில் வண்டி நின்றுவிட்டது. டயஜெடிக் (கதை மாந்தர்க்குக் கேட்கும் ஒலி), நான்-டயஜெடிக் (படம் பார்ப்பவருக்கு மட்டும் கேட்பது) என்ற இரண்டு சொற்கள் இல்லாமல் ஒரு பக்கம்கூட நகரவில்லை. நெறியாளர் "அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போங்கள்" என்கிறார். வாய்மொழித் தேர்வில் யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்குப் பயம். இதுவரை கையில் இருப்பவை: எடுத்துரைப்பு ஒலி, கதைவெளி ஒலி, கதைக்கள ஒலி, கதையக ஒலி. எதிர்ச்சொல்லும் சேர்ந்து வரவேண்டும். "பின்னணி இசை இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?" என்று தோழி ஒருத்தி கேட்டாள், அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஐயா, நீங்கள் வகுப்பில் எப்படிச் சொல்கிறீர்கள்?

– ஆய்வு மாணவி, மதுரை

* * *

அன்புள்ள மாணவிக்கு, மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

உங்கள் தோழியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதுதான் இருப்பதிலேயே நல்ல கேள்வி.

தமிழில் 'பின்னணி' என்பது ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. பின்னணி இசை என்கிறோம், பின்னணிப் பாடகர் என்றும் சொல்கிறோம். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவாஜி கையில் நாதசுரம். வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படம் தயாரான விதத்தைப் பார்த்தால் அது பின்னணியில் வாசித்தது. கதையைப் பார்த்தால் அது சிக்கல் சண்முகசுந்தரம் தானே ஊதுகிற நாதசுரம். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டம் கேட்கிறது, மோகனாம்பாளும் கேட்கிறாள். ஆக, 'பின்னணி' என்ற சொல் ஒலி எங்கே, எப்படிப் பதிவானது என்பதைச் சொல்கிறது. உங்களுக்குத் தேவைப்படும் சொல் வேறொன்றைக் கேட்கிறது: கதைக்குள் இருக்கும் ஆளுக்கு இந்த ஒலி கேட்குமா, கேட்காதா? இந்த ஒற்றைக் கேள்வியைத் தவிர வேறு எதையும் அந்தச் சொல் சுமக்கக் கூடாது என்பது என் கட்சி. ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் 'ஆர்.ஆர்.' இங்கே உதவாது. ரீ-ரெக்கார்டிங் என்ற வேலைக்கட்டத்தின் பெயர் அது. காட்சிக்குள்ளேயே இருக்கும் ரேடியோ, பாடகர் போன்றவற்றிலிருந்து வரும் இசையைச் சொல்லும் 'சோர்ஸ் மியூசிக்' என்பது பொருளால் நெருங்கி வருகிறது. ஆனால் அதை 'மூல இசை' என்று பெயர்த்தால், ரீமேக் படத்துக்கு முந்தைய படத்தின் இசை என்றுதான் எல்லாரும் படிப்பார்கள்.

இனி, எடுத்துரைப்பு ஒலி. இதை முதலில் தூக்கிப் போடுங்கள். அகராதியைப் பார்த்து யாரோ செய்த சொல் இது. கிரேக்கத்தில் டயஜீசிஸ் என்றால் எடுத்துரைத்தல்தான். பிளேட்டோ 'குடியரசு' நூலின் மூன்றாம் பகுதியில் கவிஞன் தன் குரலில் சொல்வதையும், பாத்திரமாகவே மாறிப் பேசிக்காட்டுவதையும் பிரிக்கும்போது இந்தச் சொல்லைக் கையாள்கிறார். ஆனால் திரைப்பட ஆய்வுக்குள் வந்தது அந்தப் பொருள் அல்ல. பிரான்சில் எத்தியேன் சூரியோவும் அவரைச் சுற்றியிருந்த திரைப்படவியல் குழுவினரும் 1950ஐ ஒட்டி இதைப் பழுதுபார்த்து எடுத்தார்கள். 1951இல் வந்த அவருடைய கட்டுரை வழியாகச் சொல் பரவியது. படம் காட்டும் கதை நடப்பதாக நாம் ஒப்புக்கொள்கிற உலகம் முழுவதும் அவர்களுக்கு டயஜீசிஸ். பிறகு திரைப்படக் கோட்பாட்டாளர் கிறிஸ்தியன் மெட்ஸ் கையாண்டார். பிளேட்டோவின் பொருளையும் இந்தப் பொருளையும் குழப்ப வேண்டாம் என்று இலக்கியக் கோட்பாட்டாளர் ஜெரார் ஜெனெட்டே பின்னாளில் எச்சரித்திருக்கிறார். ஒலிக்கும் இசைக்கும் இந்தப் பிரிவை ஆங்கில வாசகர்களிடம் ஊன்றச் செய்ததில் கிளாடியா கார்ப்மன் 1987இல் எழுதிய நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. 'எடுத்துரைப்பு' என்று வைத்தால் என்ன ஆகும்? படத்தின் தொடக்கத்தில் 'அந்த ஊரில் ஒரு பண்ணையார் இருந்தார்' என்று ஒரு குரல் சொல்கிறதே, கதையில் எந்தப் பாத்திரமாகவும் இல்லாத அந்தக் குரல்தான் பச்சையான எடுத்துரைப்பு. அது கதைக்குள் யாருக்கும் கேட்காது! சொல் பொருளுக்கு நேர் எதிரே போய் நிற்கிறது. தவிர, கதை சொல்லும் முறையை ஆராயும் நரேட்டாலஜிக்கு 'எடுத்துரைப்பியல்' என்று ஏற்கெனவே புழங்குகிறோம்.

கதைவெளி: கேட்க அழகாக இருக்கிறது. ஆபத்தும் அதில்தான். தமிழில் 'வெளி' என்றால் பரந்த இடம்; 'வெளி' என்றால் வெளியே என்றும் பொருள். 'கதைவெளி ஒலி' என்று எழுதினால் பாதிப் பேர் கதை நடக்கும் வெளியில் எழும் ஒலி என்றும், மீதிப் பேர் கதைக்கு வெளியிலிருந்து வரும் ஒலி என்றும் படிப்பார்கள். எதிரெதிரான இரண்டு பொருளையும் ஒரே சொல் தாங்கினால் அது கலைச்சொல் ஆகாது, விடுகதை ஆகிவிடும்.

கதைக்களம் விமர்சகர்களிடம் போய்விட்டது, திரும்பி வராது. "வித்தியாசமான கதைக்களம்" என்று வாராவாரம் எழுதுகிறார்கள்.

கதையகம் எனக்குப் பிடித்த சொல்தான். அகம் – புறம் என்று சொன்னதும் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பரவசம் வரும். ஆனால் நூலகம், உணவகம், மருந்தகம் என்று பழகிய காதுக்குக் கதையகம் என்பது கதை விற்கும் கடைபோலக் கேட்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. பாத்திரம் மனத்துக்குள் பேசிக்கொள்ளும் குரலை நீங்கள் தனியே பிரிக்க வேண்டியிருக்கும். அது 'கதையக அகவொலி' என்று வந்து நின்றால் படிப்பவர் மூச்சு வாங்குவார்.

ஒருவர் தனிமடலில் 'கருவொலி' என்று எழுதியிருந்தார். "தெய்வம் உணாவே மாமரம் புட்பறை" என்று தொல்காப்பியர் கருப்பொருளை அடுக்கும்போது பறையும் யாழும் உள்ளே வருகின்றன. குறிஞ்சியின் பறை குறிஞ்சி மாந்தரின் காதில் விழுகிற பறை, எனவே அது டயஜெடிக்தானே என்பது அவர் வாதம். நல்ல மூளை. ஆனால் 'படத்தின் கரு' என்று நாம் சொல்வது வேறு. இந்தச் சொல்லை எடுத்தால் ஒவ்வொரு தடவையும் அடிக்குறிப்பு போடவேண்டும்.

என் முன்மொழிவு: டயஜீசிஸ் – கதையுலகு. டயஜெடிக் ஒலி – கதையுலக ஒலி. நான்-டயஜெடிக் – கதைப்புற ஒலி. மனத்துக்குள் கேட்பது – மனவொலி, அவ்வளவுதான். ஆஃப்-ஸ்கிரீன் என்பதை இவற்றோடு கலக்காமல் சட்டகப்புற ஒலி என்று வையுங்கள். மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அடுத்த அறையில் தொலைபேசி அடிக்கிறது, திரையில் தொலைபேசி இல்லை. சட்டகத்துக்குப் புறம், கதைக்கு உள். 'திரைக்கு வெளியே' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கதைப்புற வயலினும் இந்தத் தொலைபேசியும் ஒரே மூட்டையில் போய்விடும்.

சரி, சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது. இப்படி ஒரு காட்சி என்று வைத்துக்கொள்வோம். டீக்கடை. பலகையின் மேல் ஒரு பழைய ரேடியோ; அதில் பாட்டு. கலவை செய்யும் பொறியாளர் பாட்டின் அடிச்சுருதிகளையும் உச்சத்தையும் வெட்டி, நடுப்பகுதியை மட்டும் விட்டிருக்கிறார். பாய்லரின் சீறல், கிளாஸ் கழுவும் சத்தம் எல்லாம் மேலே படர்கின்றன. நாயகன் காசை வைத்துவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறுகிறான். பஸ் நகர்கிறது. பாட்டு நிற்கவில்லை. வெட்டிய ஓசைகள் திரும்பி வருகின்றன, தபேலாவுக்கு அடிவயிறு கிடைக்கிறது, பாய்லர் போய்விட்டது, பாட்டு அரங்கை நிறைக்கிறது. இதை எழுதிப் பாருங்கள்: "டீக்கடையில் கதையுலக ஒலியாகத் தொடங்கும் பாட்டு, பஸ் நகரும் ஷாட்டில் கதைப்புறத்துக்குப் போகிறது." ஓடுகிறது அல்லவா? இதே வாக்கியத்தில் 'எடுத்துரைப்பு', 'கதைவெளி' எதையாவது செருகிப் பாருங்கள், முடியாது.

நம் படங்களில் உண்மையான தலைவலி டூயட்தான். நாயகன் ஒரு கிடாரோடு தொடங்குகிறான். ஆறாவது நொடியில் எங்கிருந்தோ வயலின் படையே வந்து இறங்குகிறது. இருவரும் பனிமலையில் ஆடுகிறார்கள். பல்லவி அவர்கள் வாயில், இண்டர்லூடில் அவர்கள் வாய் மூடியிருக்கிறது, இசையில் மட்டும் கால் போகிறது. பக்கத்து அறையில் தூங்கும் அம்மா எழுந்துகொள்வாளா? எழமாட்டாள். அப்படியானால் கதைப்புறமா? பாடுகிறவர்களுக்குக் கேட்கிறதே. இந்த இரண்டுங்கெட்டான் பகுதியைப் பற்றி ராபின் ஸ்டில்வெல் 2007இல் எழுதியிருக்கிறார். இரு பக்கத்துக்கும் நடுவே உள்ளதை ஒரு கோடாகப் பார்க்காமல், பொருள் விளைகிற ஒரு பரப்பாகப் பார்க்கச் சொல்கிறார். உங்கள் ஆய்வுக்கு அது நேரடியாக உதவும். அதற்கென்று இப்போதே ஒரு பெயர்ச்சொல் செய்ய வேண்டாம். 'கதை கடக்கும் பாட்டு' என்று வினையோடு எழுதுங்கள். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதையும் கூடவே சொல்ல நேரும், அது நல்லது. கதைகடத்தல் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், போலீஸ் வந்துவிடும்.

கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 1993இல் திரைப்பட ஆய்வுக்குத் தனித்துறை தொடங்கியது. அதுபோன்ற இடங்களில் முதுகலை படித்துவிட்டு வருகிறவர்கள் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் இந்த விஷயத்தைத் தமிழ்த்துறை மாணவர் தமிழில் எழுதும்போது மட்டும் ஏன் கை நடுங்கவேண்டும்? தமிழெழுத்தில் 'நான்-டயஜெடிக்' என்று போட்டால் என்ன ஆகிறது தெரியுமா? முதல் ஆள் படித்துவிட்டு "இந்த 'நான்' யார்?" என்று கேட்டார். நகைச்சுவை இல்லை, வகுப்பில் நடந்தது.

– திரைப்பட ஆய்வு ஆசிரியர், சென்னை

* * *

வணக்கம் சேர்.

கதையுலகு நல்ல சொல். 'கதைப்புறம்' என்பதில்தான் எனக்கு ஒரு நெருடல். புறம் என்றவுடன் அந்தப் பக்கம், வெளியே என்று இடம்தான் மனதில் வருகிறது. எங்கள் பக்கத்து வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பாருங்கோ. வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியின் நடுவிலேயே கூத்தை நடத்தும் ஆசான் அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும். அரசன் தன் வரவில் அவர்களைச் சுற்றித்தான் ஆடுகிறான். சபைக்கு அண்ணாவியாரைத் தெரிகிறது, அரசனுக்கு அவர் இல்லை. மத்தளம் களரியின் மையத்தில் இருக்கும்போது அதைப் புறம் என்று சொல்ல மனம் வருமோ? 'மேலொலி' அல்லது 'மேவும் ஒலி' என்று வைத்தால் என்ன? கதைக்கு மேலே படர்வது என்ற கருத்தில் சொல்கிறேன்.

– கூத்துக் கலைஞர், மட்டக்களப்பு

* * *

வணக்கம். இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆய்வேட்டில் இதைச் சேர்த்துக்கொள்ள மாணவிக்கு அனுமதி கொடுங்கள்.

நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் சாதகம். அண்ணாவியார் களரிக்குள் இருக்கிறார், கதைக்குள் இல்லை. அதனால்தான் சொல்லைக் 'கதை'யோடு கட்டவேண்டும் என்கிறேன். களரியோடும் கட்டக்கூடாது, திரையோடும் கட்டக்கூடாது. 'மேலொலி' என்றால் உச்சஸ்தாயியா, மேலிருந்து வரும் ஒலியா என்ற கேள்வி வரும். இப்போது அரங்குகளில் கூரையிலேயே ஒலிபெருக்கி வைக்கிறார்கள், அதற்கு அந்தச் சொல் தேவைப்படலாம். எங்கள் பக்கத் தெருக்கூத்திலும் பின்பாட்டுக்காரர்கள் ஆட்டக்காரருக்குப் பின்னால் எல்லார் கண்ணிலும் படும்படிதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் கட்டியங்காரன் திடீரென்று ஆர்மோனியக்காரரைப் பார்த்து வம்பு பேசுவான். அந்தக் கணத்தில் அவர் கதைப்புறமா, கதையுலகா? மாணவிக்கு இன்னோர் இயல் தேறும்.

இடம் என்ற நெருடல் முழுதாகப் போகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலச் சொல்லிலும் அது போகவில்லை. கலைச்சொல் பட்டியலில் 'கதைப்புறம்' என்பதன் கீழே ஒரு வரி: "கதை மாந்தர்க்குக் கேளாதது, காட்சியில் தென்படலாம், தென்படாமலும் இருக்கலாம்." அண்ணாவியார் அதற்குள் அடங்கிவிடுவார்.

மாணவிக்கு: இயல் இரண்டில் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் டயஜீசிஸ் என்பதைத் தமிழெழுத்தில் கொடுத்துவிடுங்கள், அப்புறம் எங்கும் வேண்டாம். அடுத்து 'மீசான்சேன்' (சட்டகத்துக்குள் எல்லாவற்றையும் அமைக்கும் விதம்) என்பதற்குத் தமிழ் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள். 'காட்சியமைப்பு' போதாது என்று சொல்ல இங்கே குறைந்தது மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.