கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிற பழக்கம் இன்னும் யார் வீட்லயாவது இருக்கா?

நாசரேத்பொண்ணு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் தாம்பரம் பக்கம் இருக்கேன், சொந்த ஊர் நாசரேத் பக்கத்துல ஒரு கிராமம். அப்பா தவறினதுக்கு அப்புறம் அம்மா எங்ககூட வந்து இருக்காங்க. வந்த மறுநாளே காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணை கழுவி காயவச்சு அடுப்பு பக்கத்துல வச்சுட்டாங்க. உலை வைக்கும்போது உழக்குல அரிசி அளந்து பாத்திரத்துல போட்டுட்டு, களையறதுக்கு முன்னாடி அதுலேர்ந்து ஒரு கைப்பிடி எடுத்து பாட்டில்ல போடுவாங்க. மூட்டைலேர்ந்து எடுத்தா என்னம்மானு கேட்டேன். "மூட்டைல எடுத்தா அது மிச்சத்துல எடுக்கதுட்டீ, உலைக்கு அளந்ததுல எடுத்தாத்தான் நம்ம சோத்துலேர்ந்து கொடுத்தது"ன்னாங்க.

ஊர்ல சபையோட பெண்கள் ஐக்கிய சங்கத்துல வந்து காணிக்கையா வாங்கிட்டு போவாங்க. இங்க எங்க சபைல அப்படி எதுவும் இல்ல, காணிக்கையே பாதிப்பேர் க்யூஆர் கோடுலதான் போடுறாங்க. பாட்டில் நிறைஞ்சு இப்ப ரெண்டாவது டப்பாவும் ஆச்சு. வீட்டுக்காரர் நல்ல மனசோடதான் சொன்னார், "அத்தை, அரிசியை நாமளே சமைச்சுக்கலாம், அதுக்கு பதிலா நான் மாசம் 500 ரூபா சேத்து போட்டுடுறேன்"னு. அம்மா பதில் ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னைக்கு ராத்திரி சரியா சாப்பிடல. கணக்குப்படி அவர் சொல்றதுதான் சரி, எனக்குத்தான் மனசு ஒப்பல. இந்த ஒரு பிடிக்கு இன்னைக்கும் மதிப்பு இருக்குனு அவர்கிட்ட எப்படி சொல்றது, அரிசியை என்னதான் பண்றது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தேரிமணல்:
அக்கா, உங்க அம்மா சொன்ன அந்த மூட்டை விஷயம் அப்படியே பைபிள்ல மாற்கு 12தான். காணிக்கைப் பெட்டில மத்தவங்க பரிபூரணத்திலிருந்து எடுத்துப் போட்டாங்க, அந்த விதவை போட்டது ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு. ரெண்டு காசு இருந்துச்சுங்கிறதை கவனிங்க, ஒண்ணை போட்டுட்டு ஒண்ணை கைல வச்சிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. பஞ்ச காலத்துல சாறிபாத் ஊர் விதவைகிட்ட இருந்ததும் பானையில ஒரு பிடி மாவுதான், அதுலேர்ந்துதான் எலியா தீர்க்கதரிசி தனக்கு முதல்ல ஒரு சின்ன அடை கேக்குறார்.

எங்க ஊர் கோயில்லயும் கைப்பிடி அரிசி உண்டு, ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல முட்டை, முருங்கைக்காய், சுரைக்காய் கூடவே அதையும் ஏலம் விடுவாங்க. அந்த அரிசில பொன்னி, புழுங்கல், ரேஷன், இட்லி அரிசி எல்லாம் கலந்து கெடக்கும், சோறு பொங்குனா ஒண்ணு குழைஞ்சு போகும் ஒண்ணு நறுக்குனு நிக்கும். எங்க ஆச்சி அதை கடையில விக்கிறதைவிட கூட காசு கொடுத்து எடுத்துட்டு வருவா, வீட்ல எல்லாரும் மொணங்குவோம், ஊர்ல அத்தனை வீட்டு அடுப்பும் இந்த ஒரு பானைல இருக்குலே, பேசாம தின்னுங்கனு சொல்லுவா. இப்ப நெனச்சா தொண்டை அடைக்குது.

நம்ம கைல இருக்கிறதுலேர்ந்தே கொடுக்கிறது நம்ம பக்கத்துக்காரங்களுக்கு புதுசும் இல்லக்கா. 1903ல பாளையங்கோட்டைல இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சப்ப வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம்ம பணம், நம்ம ஆளு, நம்ம நிர்வாகம்னுதான் வச்சாங்க. வெள்ளாளன்விளை அசரியா ஐயாதான் அதுக்கு செயலாளர், பின்னாடி 1912ல, இப்ப தெலங்கானால இருக்கிற தோர்ணக்கல்லுக்கு பேராயர் ஆனார்.

மலைமேல3வருஷம்:
வேலை விஷயமா ஐஸ்வால்ல இருந்தப்ப பாத்ததை சொல்றேன். மிசோரம்ல இதுக்கு பூஃபாய் தாம்னு பேரு, 1910ல ஐஸ்வால் மிஷன் வேங் சபைல தொடங்கினது இன்னைக்கும் நிக்கல. சமைக்கிறப்பெல்லாம் ஒரு பிடி எடுத்து தனியா வைப்பாங்க, சபை பெண்கள் வீடு வீடா வந்து சேகரிச்சு வித்து காசாக்குவாங்க. வருஷத்துக்கு கோடிக்கணக்குல சேருது, மிஷனெரிகளை அனுப்புறதுல அந்தக் காசுக்கு பெரிய பங்கு உண்டு. காசே இல்லாத வீட்லயும் உலை வச்சாங்கன்னா அதுல ஒரு பிடி இருக்கும்ல, அதனாலதான் அங்க கொடுக்க முடியாதவங்கன்னு யாருமே இல்லாம போச்சு. உங்க வீட்டுக்காரர்கிட்ட இதை சொல்லுங்க சிஸ்டர், 500 ரூபாயும் நல்லதுதான் ஆனா அது அவர் கொடுக்குறது, அம்மா கொடுக்குறது இல்ல.

நேர்பேச்சு:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மாற்கு 12ல காசு போட்ட விதவைக்கு முன்னாடி 40ம் வசனம் படிங்க, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவங்களைப் பத்தி ஆண்டவர் பேசி முடிச்ச கையோட இந்த அம்மா வர்றாங்க. அதனால ஏழை கொடுக்குறதை பாத்து புல்லரிச்சுட்டு போயிடக்கூடாது, அந்தக் காசை வாங்குறவங்களுக்கும் பொறுப்பு இருக்கு. கொஞ்சத்திலே உண்மைனு லூக்கா 16 சொல்றது வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு சொன்ன தேதில சம்பளம் கொடுக்குறதையும் சேத்துதான். என் அம்மா 11 வருஷம் வீட்டு வேலை பாத்தாங்க, ஒரு வீட்ல ஜெபக்கூட்டத்துக்கு கேசரி கிண்ட சொல்லிட்டு பாதி மாச சம்பளத்தை அடுத்த மாசம்னு சொல்லி தள்ளுவாங்க. அதான் சொல்றேன். அரிசி எடுத்து வைங்க, கண்டிப்பா வைங்க, ஆனா அது யார் வயித்துக்கு போகுதுனு கண்ணால பாருங்க.

சிறுமலர்பக்தை:
நாங்க கத்தோலிக்கம். பிரான்ஸ்ல கன்னியர் மடத்துல இருந்த புனிதை குழந்தை தெரசம்மாள் 24 வயசுல இறந்தாங்க, மடத்துல அவங்க செஞ்ச பெரிய காரியம்னு எதுவும் கண்ணுக்கு தெரியாது. நடக்க முடியாம எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுற ஒரு வயசான சிஸ்டரை தினமும் சாயங்காலம் கைத்தாங்கலா சாப்பாட்டு அறைக்கு கூட்டிட்டு போவாங்க, அந்த அம்மாவுக்கு ரொட்டி நறுக்க கஷ்டம்னு தானா கவனிச்சு நறுக்கியும் கொடுத்தாங்க. மாமியார படுக்கைல வச்சு பாத்த ரெண்டு வருஷமும் எனக்கு அந்த ரொட்டிதான் ஞாபகம் வரும்.

நாசரேத்பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. நேர்பேச்சு பிரதர், நீங்க சொன்னது குத்துச்சு, எங்க வீட்டு அக்காவுக்கு நானும் ரெண்டு தடவை தேதி தள்ளியிருக்கேன், இந்த மாசம் 1ம் தேதியே கொடுத்துட்டேன். அரிசியை எடை போட்டு பாத்தோம், ரெண்டு கிலோ 300. பக்கத்து தெருவுல பெரியாஸ்பத்திரிக்கு ஊர்லேர்ந்து வந்து ரூம் எடுத்து தங்கியிருக்கிற ஒரு குடும்பம் இருக்கு, அம்மாவே தூக்கிட்டு போய் கொடுத்துட்டு வந்தாங்க, வீட்டுக்காரர்தான் வண்டில கூட்டிட்டு போனார். எங்க ஆயர்கிட்டயும் சொன்னேன், ஆலய வாசல்ல ஒரு டின் வைக்க சரினுட்டார். மொத ஞாயிறு மூணு வீட்லேர்ந்து வந்துச்சு. இப்ப அம்மாவுக்கு ஒரே கவலை, டின்ல வத்தல் போட்டீங்களா, போடாட்டி வண்டு வந்துரும்னு நேத்துலேர்ந்து நாலு தடவை கேட்டுட்டாங்க.