கத்தோலிக்க வழிபாட்டில் நடந்து, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று – உங்களுக்கும் உண்டா?

சாம்பல்தட்டு

போன வருடம் திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்க நெற்றியில் சாம்பல் பூசும் நாள். கூட்டம் அதிகம், ஃபாதர் என்னையும் ஒரு வரிசைக்கு நிற்கச் சொன்னார். (சாம்பலை மந்திரிப்பதுதான் குருவின் வேலை, பூசுவதற்குப் பொதுநிலையினரும் உதவலாம். அதை வைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.) முதல் முறை என்பதால் கை நடுங்கியது. "நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று ஐம்பது அறுபது பேருக்குச் சொன்ன பிறகு அது வாய்க்குப் பழகிப்போனது.

அப்போது ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்தார். தனக்குப் பூசிக்கொண்டு, குழந்தையின் தொப்பியை மேலே தள்ளி நெற்றியைக் காட்டினார். என் விரலைவிடக் கொஞ்சம்தான் பெரிய நெற்றி. எனக்கு வாய் வரவில்லை. சட்டென்று மற்ற வாசகத்தைச் சொல்லிவிட்டேன்: "மனம் மாறி நற்செய்தியை நம்பு." மூன்று மாதக் குழந்தையிடம் போய் மனம் மாறு என்கிறேன்!

அந்த அம்மா நகரவில்லை. "எல்லாருக்கும் சொன்னதையே இவனுக்கும் சொல்லுங்க" என்றார், மெதுவாக. நான் சொல்லவில்லை. பின்னால் இருந்தவர் முன்னே வந்துவிட்டார், அந்த அம்மா போய்விட்டார். ஒரு வருடமாகிறது.

பழைய பூசை உதவி

தம்பி, இதில் நீங்கள் தவறே செய்யவில்லை. இரண்டு வாசகமும் திருப்பலிப் புத்தகத்தில் இருக்கிறது. மனம் மாறச் சொல்வது 1970 புத்தகத்தோடு வந்தது, மண் பற்றியது அதற்கு முன்பிருந்தே உள்ளது. எதைச் சொன்னாலும் செல்லும்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். பத்து வயதில் பூசை உதவி செய்தபோது சாம்பல் என் மூக்கில் விழுந்து, நடுப்பூசையில் தும்மிவிட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் இந்த நேரத்தில் எல்லாரும் கேட்பதால் சொல்லி வைக்கிறேன். சாம்பல், போன வருடக் குருத்தோலையை (குருத்து ஞாயிறன்று கொடுப்பது) எரித்து எடுப்பது. வீட்டில் இருக்கும் ஓலையைக் குப்பையில் போடாதீர்கள், கோவிலில் கேட்கும்போது கொண்டுபோய்க் கொடுங்கள். தவக்காலம் நாற்பது நாள் என்கிறோம், நாள்காட்டியில் எண்ணினால் பாஸ்காவுக்கு (உயிர்ப்பு விழாவுக்கு) முன் நாற்பத்தாறு வருகிறதே என்று குழம்ப வேண்டாம். ஆறு ஞாயிறும் கணக்கில் சேராது, ஞாயிறு எப்போதும் உயிர்ப்பின் நாள். ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது நிறையும் வரை. சுத்தபோசனம் (இறைச்சி சாப்பிடாமல் இருப்பது) 14 வயதிலிருந்து. நோயாளிகளும் கர்ப்பிணிகளும் வீரம் காட்ட வேண்டாம். நெற்றியைக் கழுவலாமா என்றும் கேட்பார்கள், தாராளமாகக் கழுவலாம்.

சுதிப்பெட்டி

யாரும் கேட்கவில்லை அண்ணா. :)

சாம்பல்தட்டு சொன்னதைப் படித்ததும் என்னுடையது ஞாபகம் வந்தது. நான் பாடகர் குழு. தவக்காலத்தில் ஒரு அடக்கப் பூசை. இறந்தவரின் மனைவி வந்து அவருக்குப் பிடித்த பாட்டைப் பாடச் சொன்னார். பல்லவியிலேயே அல்லேலூயா. தவக்காலத்தில் அல்லேலூயா எந்தப் பூசையிலும் கிடையாது, அடக்கப் பூசையிலும்தான். விளக்கினேன். பொறுமையாக, நல்லபடியாகத்தான் விளக்கினேன். "சரிம்மா, சட்டம்னா சட்டம்தான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பாஸ்கா இரவு. ஃபாதர் அல்லேலூயாவை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுதியை ஏற்றிப் பாட, கோவிலே சேர்ந்து பாடியது. அந்த அம்மா நான்காவது பெஞ்சில், கையில் எரியும் திரியோடு நின்றிருந்தார். வாய் திறக்கவில்லை. நான் அவரைப் பார்த்தபடியே பாடினேன், இரண்டாவது முறை சுதி தவறியது.

பழைய பூசை உதவி

நீங்கள் செய்தது சரிதானே? சட்டத்தை மீறிப் பாடியிருந்தால் இப்போது வேறு ஒரு குற்ற உணர்வு இருந்திருக்கும்.

சுதிப்பெட்டி

சரியா தப்பா என்று நான் கேட்கவே இல்லையே. அடக்கம் முடிந்து கல்லறையில் பூசைக்கு வெளியே முணுமுணுத்திருக்கலாம், வீட்டுக்குப் போய் அவரோடு உட்கார்ந்து பாடியிருக்கலாம். அது எதுவும் அப்போது தோன்றவில்லை. சட்டம் சொல்லி முடித்ததும் என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

நாலாம் வரிசை

என் அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். ஞாபகம் போய்க்கொண்டிருந்த காலம். என் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. ஆனால் கோவில் நடையில் கால் வைத்ததும் கை தானாகத் தீர்த்தத் தொட்டியைத் தேடும், முழங்கால் தானாக மடங்கும்.

பெரிய வெள்ளி, மூன்று மணி. வழக்கம்போல நற்கருணைப் பேழைக்கு (இயேசுவின் உடலாகிய அப்பம் இருக்கும் பெட்டிக்கு) முன்னால் முழங்கால் போடக் குனிந்தவர் பாதியில் நின்றார். பேழைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. விளக்கும் இல்லை, பீடத்தில் துணியும் இல்லை. அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பிச் சத்தமாகக் கேட்டார்: "எங்க போயிட்டாரு?"

அந்த நிசப்தத்தில் கோவில் முழுக்கக் கேட்டிருக்கும். எனக்குக் கூச்சம். "வந்துடுவாருப்பா, உட்காருங்க" என்றேன். குருவானவர் வந்து தரையில் முகங்குப்புற விழுந்தபோதும் அப்பா பேழையையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "இதிலேதான் தொங்கியது உலகத்தின் மீட்பு" என்று சிலுவையை உயர்த்தியபோது மட்டும் இந்தப் பக்கம் திரும்பினார்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு அப்பா இல்லை. பேழை அதேபோல் திறந்து கிடந்தது.

பழைய பூசை உதவி

மனதைத் தொட்டது. ஒரு தகவலுக்காக: அன்று பேழைக்கு முழங்கால் போட வேண்டியதில்லை. சிலுவை ஆராதனைக்குப் பிறகு, பாஸ்கா திருவிழிப்பு தொடங்கும் வரை சிலுவைக்குத்தான் முழங்கால் போட வேண்டும்.

நாலாம் வரிசை

தெரியும் அண்ணா. அப்பாவுக்கும் தெரிந்திருந்தது, ஒரு காலத்தில்.

மெழுகுத்துளி

சாம்பல்தட்டு, அந்த அம்மா ஏற்கெனவே ஒரு குழந்தையை இழந்தவராக இருக்கலாம். அதனால்தான் அப்படிக் கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

சுதிப்பெட்டி

இல்லாத கதையை ஏன் கட்டுகிறீர்கள்? தன் பிள்ளையை மட்டும் தனியாகப் பிரித்தது பிடிக்காமல் இருந்திருக்கலாம். அவ்வளவும் போதுமே.

சாம்பல்தட்டு

எனக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. அப்புறம் இரண்டு முறை கோவிலில் பார்த்தேன், பையன் இப்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இந்த வருடமும் தட்டுப் பிடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், இன்னும் பதில் சொல்லவில்லை. பழைய குருத்தோலையைக் கொண்டுவரச் சொல்லிப் போன ஞாயிறே அறிவித்துவிட்டார்கள். எங்கள் வீட்டு ஓலை இன்னும் பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால்தான் செருகி இருக்கிறது.