பொள்ளாச்சியிலிருந்து முசிறிக்கு ஒருநாள் கைடு டூர்: அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கோபாலபுரத்துக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரிலிருந்து கேரள எல்லை இரண்டு கிலோமீட்டர்தான். பொள்ளாச்சியில் ஒரு டிராவல்ஸில் ‘முசிறி ஒருநாள் சுற்றுலா’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். திருச்சிப் பக்கத்து முசிறி இல்லை, கேரளத்தில் கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்த சங்ககாலத் துறைமுகம். விடியற்காலை 4 மணிக்கு வேன் கிளம்பி ராத்திரி 11 மணிக்குத் திரும்புமாம். அகழாய்வு நடந்த பட்டணம் கிராமம், கொடுங்கல்லூர் பகவதி கோயில், சேரமான் பள்ளிவாசல், பறவூர் யூதக் கோயில், பாலியம் அரண்மனை, படகு, கடைசியில் திருவஞ்சைக்களம் சிவன் கோயில், எல்லாம் ஒரே நாளில். கைடும் உண்டு என்கிறார்கள்.

அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி இருக்கிறது. தினமும் தேவாரம் பாடுகிறவர்கள். திருவஞ்சைக்களத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு முசிறியைப் பார்க்க ஆசை. பட்டணத்தில் பார்க்க என்ன இருக்கிறது? கைடு தமிழில் பேசுவாரா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

தம்பி, நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை இதே மாதிரி வேன் டூர்தான். அதை வைத்துச் சொல்கிறேன், இந்த டூரில் அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள்.

நாங்கள் போனது ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு மியூசியங்களுக்கு லீவு என்பதைக் கூட்டிப்போனவர்கள் கவனிக்கவே இல்லை. பாலியம் அரண்மனை வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். பட்டணத்தில் கால் மணி நேரம். கைடு இங்கிலீஷில் வேகமாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறச் சொன்னார். கூட வந்த ஒரு பெரியம்மா ஏறி இறங்க முடியாமல் மத்தியானத்துக்கு மேல் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த வருஷம் நானும் தங்கையும் மட்டும் போனோம். கொடுங்கல்லூரில் ஒரு ராத்திரி தங்கி, உள்ளூர் கைடு ஒருவரை வைத்துக்கொண்டோம். அவர் பேசியது மலையாளம்தான். ஆனால் எல்லைப்பக்கம் வளர்ந்த நமக்கு அது காதில் ஏறிவிடும். நிறுத்திப் பேசச் சொன்னால் அம்மாவுக்கும் புரியும்.

பட்டணத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தென்னை, வாழை, ஓட்டு வீடு, கிணற்றடியில் துணி துவைக்கும் கல், அவ்வளவுதான். சுமார் 110 ஏக்கர் பரந்த மேடு, அதன்மேல் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 2007இல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் தோண்ட ஆரம்பித்தது. தோண்டிய குழிகளைப் பிறகு மூடிவிட்டார்கள். அதனால்தான் கைடு வேண்டும் என்கிறேன். சொல்ல ஆள் இல்லாமல் போனால் வெறும் தோப்பைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

எங்கள் கைடு ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி, ‘படகு இங்கேதான் கிடந்தது’ என்றார். ஆறு மீட்டர் நீளம், ஒரே மரத்தில் குடைந்த தோணி. ஆஞ்சிலி மரம். பக்கத்தில் படகு கட்டுவதற்கு அடித்த தேக்கு முளைகளும் சேற்றில் அப்படியே இருந்திருக்கின்றன. மிளகும் கிடைத்ததாம். பெரிய மழை பெய்தால் முற்றத்தில் கண்ணாடி மணிகள் மினுங்கும், குழந்தைகள் பொறுக்கி விளையாடுவார்கள் என்றும் சொன்னார்.

அப்புறம் பையிலிருந்து ஒரு போட்டோ அட்டையை எடுத்தார். உடைந்த ஜாடி ஓடு. அதன் உடைந்த விளிம்பில் எள்ளைத் தூவின மாதிரி கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. அது இத்தாலியில் வெசுவியஸ் எரிமலைப் பக்கத்து மணல். அந்த மணலைக் கலந்து செய்த இரண்டு காது ஜாடியில் திராட்சை மது வந்திறங்கியிருக்கிறது. எரிமலை மணல் பறவூர் வாழைத் தோப்புக்கு வந்திருக்கிறது தம்பி! தங்கையும் நானும் அந்த அட்டையை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம். அகநானூறு 149ஆம் பாட்டில் யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு போவதை வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். அன்றைக்குத்தான் எனக்கே அது நடந்த விஷயமாகத் தெரிந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். என் தாத்தா பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடித்து, உங்கள் கோபாலபுரம் வழியாக நடத்தியே திருச்சூர் வரை ஓட்டிக்கொண்டு போனவர். மலை விலகிக் கிடக்கும் இந்த முப்பது கிலோமீட்டர் பாலக்காட்டுக் கணவாய் இருப்பதால்தான் அன்றைக்குக் கொங்குநாட்டுச் சரக்கு மேற்குக் கடலுக்குப் போனது, ரோமாபுரிக் காசு நம் பக்கம் வந்தது. கோவை வெள்ளலூரில் 1842இல் 500க்கு மேல் ரோமானிய வெள்ளிக் காசு கிடைத்தது. ஆகவே வண்டியில் ஏறியதும் அம்மாவைத் தூங்கவிடாதீர்கள். நீங்கள் போகிற வழியே முசிறியில் பாதி.

வேலந்தாவளம் வேன்:

டீச்சர் சொன்னது சரி. நான் இந்த ரூட்டில் ஓட்டுகிறவன். பொள்ளாச்சியிலிருந்து கொடுங்கல்லூர் சுமார் 150 கிலோமீட்டர், குதிரானில் சுரங்கப்பாதை வந்த பிறகு நாலு மணி நேரம் போதும். ஆனால் திருவஞ்சைக்களத்தைக் கடைசியில் வைத்திருக்கிறார்களே, அதுதான் தப்பு. கேரளத்தில் காலை 11 மணிக்கெல்லாம் நடை அடைத்துவிடுவார்கள், சாயங்காலம் 5 மணிக்குத்தான் திறப்பார்கள். சாயங்காலம் படகு லேட்டானால் கோயில் போச்சு. காலையில் முதலில் அங்கே போய்விடுங்கள். நீங்கள் வேட்டியில் போங்க, சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டு வண்டி என்றால் கேரளாவுக்கு பெர்மிட்டும் வரியும் கட்டியிருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்க. செக்போஸ்டில் ஒரு மணி நேரம் நின்ற பார்ட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பகவதி கோயில் திருவிழாவான மீனப் பரணிச் சமயத்தில் போகவே போகாதீங்க. கொடுங்கல்லூரில் கால் வைக்க இடம் இருக்காது, அம்மாவுக்குத் தாங்காது.

சுண்டக்காமுத்தூர் வாசகன்:

ஒரு சின்ன விஷயம். பட்டணம்தான் முசிறி என்று அறிஞர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. துறைமுகம் ஒரே இடத்தில் இல்லாமல் பெரியாற்று முகத்துவாரம் முழுக்கப் பரவியிருக்கலாம் என்றும் கருத்து உண்டு. கைடு அடித்துச் சொன்னால் இதையும் கேட்டுப் பாருங்கள். வியன்னாவில் உள்ள முசிறி பாப்பிரஸ் (நாணல் தாளில் எழுதிய பழைய ஆவணம்) பற்றியும் கேளுங்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் பத்திரம் அது. ஹெர்மாபோலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு, தந்தம் உட்பட, அதில் இருக்கிறது. சரக்குக்கு ரோமானியர் ஆண்ட எகிப்தில் கட்டிய சுங்கம் நாலில் ஒரு பங்கு.

வழித்தடத்தில் ஆர்வம் இருந்தால் இன்னொரு நாள் எங்கள் ஊர்ப் பக்கம் வாருங்கள். இங்கே மலையடிவாரப் பாறையில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்று தமிழிலும் வட்டெழுத்திலும் வெட்டியிருக்கிறது. சோழர் காலத்திலும் இந்தக் கணவாய் வழி புழக்கத்தில் இருந்ததற்கு அதுவே சாட்சி.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

வாசகன் சொன்னது நியாயம்தான். எங்கள் கைடும் ‘இதுதான் முசிறி’ என்று சொல்லவில்லை, ‘முசிறியைச் சேர்ந்த இடம்’ என்றுதான் சொன்னார். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் துறைமுகத்தை மண் மூடிவிட்டது, கொச்சி முகத்துவாரம் திறந்துகொண்டது என்பார்கள். கோட்டப்புறத்தில் படகேறினால் காயலும் தீவும் ஆறும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதைப் பார்க்கலாம். எது அன்றைய கரை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே புரியும்.

தம்பி, அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். சுந்தரர் திருவஞ்சைக்களத்தில் பாடிய பதிகத்தில் திரும்பத் திரும்ப ‘கடலங்கரைமேல் மகோதை’ என்று வரும். மகோதை என்பது கொடுங்கல்லூரின் பழைய பெயர். இன்றைக்குக் கோயில் வாசலில் கடல் இல்லை, மேற்கே தள்ளி இருக்கிறது. அம்மா பாடுவதும் நீங்கள் தேடுவதும் ஒரே கரைதான்.

கோபாலபுரத்துக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டூர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வேலந்தாவளம் அண்ணனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன், அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்புவதாக யோசனை. சனி காலை கோயில், மத்தியானம் ஓய்வு, சாயங்காலம் படகு. ஞாயிறு பட்டணமும் பாலியமும் மட்டும்.

டீச்சர், நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘தலைக்குத் தலைமாலை’ என்று எடுத்து, மகோதை வந்ததும் நிறுத்தி, ‘ஆமாடா, கடல்னுதானே இருக்கு’ என்றார்கள். பதிகம் முழுக்கப் பாடி முடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தார்கள். படகுத் துறையில் படி உண்டா, கைப்பிடி உண்டா என்று மட்டும் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

படி உண்டு, ஆனால் ஈரமாக இருக்கும். படகில் ஏறும்போது ஊழியர்கள் கை கொடுப்பார்கள். அம்மாவுக்கு வழுக்காத ரப்பர் செருப்பு போட்டுக் கூட்டிப் போங்கள். அந்தக் கைடின் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், ஜாடி ஓட்டுப் படத்தைக் கேட்டு வாங்கி அம்மா கையில் கொடுங்கள்.